யாரிடம் சொன்னாய் என்று கேட்பதற்கு முன்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து போனதற்குக் காரணம் தலைவலி இல்லை. "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாய். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஏதோ சொல்லிவிட்டேன். சென்னைக்குப் போன பிறகும் போனில் கேட்டாய், அப்போதும் மழுப்பினேன். போனில் சொன்னால் நீ உடனே பதில் சொல்வாய், சட்டம் சொல்வாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். பனியன் பிசிறு வெட்டியே மரத்துப்போன விரல்கள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

அன்று நீ சந்தோஷமாக இருந்தாய். பேங்கில், கணக்கிலிருந்து பணம் திருடுபோனவர்களின் புகாரைப் பார்க்கிற பிரிவில் உன்னை உட்காரவைத்திருக்கிறார்கள் என்றும், மற்றவர்களைவிட வேகமாக பைல்களை முடிக்கிறாய் என்று மேலதிகாரி பாராட்டினார் என்றும் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்போதுதான் அந்தப் பென்ஷன்கார அம்மாவைப் பற்றிச் சொன்னாய். முட்டிவலியால் மாடிப்படி இறங்க முடியாதவர். ஏ.டி.எம். கார்டைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்துத்தான் பணம் எடுத்துவரச் சொல்வாராம். ஒரு நாள் ஏதோ வெளிமாநிலத்து மெஷினில் அவர் பணத்தை யாரோ வழித்தெடுத்துவிட்டார்கள். "பின் நம்பர் வேற யாருக்காச்சும் தெரியுமான்னு கேட்டேன். பக்கத்து வீட்டுப் பொண்ணுக்குத் தெரியும்னு அவங்களே சொல்லிட்டாங்கம்மா. அப்புறம் நமக்கு என்ன வேலை? எழுதி வாங்கிட்டு பைல மூடிட்டேன்" என்று சொல்லிச் சிரித்தாய். கெட்ட சிரிப்பு இல்லை. வேலை சுலபமாக முடிந்துபோனவனின் சிரிப்பு. அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "அவங்க பேரு என்னய்யா?" என்று கேட்டேன். "ஞாபகம் இல்லம்மா, தெனம் எத்தன பேரு வாறாங்க" என்றாய். அதற்கு மேல் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியாது. அது நடந்தபோது நீ தூத்துக்குடியில் மாமா வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். உன் காதில் விழக்கூடாது என்று நானும் அப்பாவும் சேர்ந்து மறைத்தோம். இப்போது நீ அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாய். இனியும் மறைத்தால் அது என் தவறு.

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் என்ன என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. முன்பெல்லாம் வாரச் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கையில் கொடுத்தார்கள். பிறகு கம்பெனியே எல்லோருக்கும் பேங்கில் கணக்குத் தொடங்கிக் கார்டு வாங்கிக் கொடுத்தது. சம்பளம் கணக்கில் விழுந்துவிடும், ஆனால் எடுப்பதுதான் பாடு. சனிக்கிழமை ஒன்றரை ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் ஊரே ஏ.டி.எம். வாசலில் நிற்கும். நம் முறை வருவதற்குள் மெஷினில் பணம் தீர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகை கேட்டு ஆள் வரும், மளிகைக்குப் போக வேண்டும். தைக்கிறவர்கள் பீஸ்ரேட், மெஷினை விட்டு எழுந்தால் அவர்கள் காசு போகும். தைத்ததைச் சரிபார்த்துப் பிசிறு வெட்டுகிற எங்கள் செக்கிங் டேபிள் மட்டும்தான் ஷிப்டுச் சம்பளம். அதனால் சாயங்கால டீ பிரேக்கில் எங்கள் லைனுக்காக நான் போய் எல்லோருக்கும் எடுத்துவருவது என்று பழகிவிட்டது. சூப்பர்வைசரும் கண்டுகொள்ள மாட்டார். லைன் நிற்காமல் ஓடினால் அவருக்குப் போதும்.

கார்டுகளை ஒரு டிபன் டப்பாவில் போட்டுக்கொள்வேன். நம்பரையெல்லாம் எழுதி வைத்ததே இல்லை, மனசிலேயே இருக்கும். ஒருத்தி கல்யாணமான வருஷத்தை வைத்திருப்பாள், ஒருத்தர் பழைய டி.வி.எஸ். வண்டியின் நம்பரை வைத்திருப்பார். என் பக்கத்து மேசையில் வேலை பார்த்த சரசு, மகள் கௌசல்யா பிறந்த வருஷத்தை வைத்திருந்தாள். சரசு காங்கேயம் பக்கத்துக்காரி. புருஷன் எண்ணெய் மில்லில் வேலை, அதில் பாதி நாள் வேலை இருக்காது. என்னைவிட இளையவள், ஆனால் டிபனில் என்ன இருந்தாலும் முதலில் எனக்குத்தான் நீட்டுவாள். "அக்கா, உங்ககிட்டக் குடுத்தா என்ற ஊட்டுப் பொட்டில வெச்சாப்லீங்க" என்று சொல்லித்தான் கார்டைத் தருவாள். பின் நம்பரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பேங்கில் எழுதி ஒட்டியிருந்ததை நாங்களும் பார்த்திருக்கிறோம். அது திருடர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டோம். கூட வேலை செய்கிறவளைத் திருடி என்று எப்படி நினைப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சரசுவின் போனுக்கு இங்கிலீஷில் மெசேஜ் மேல் மெசேஜாக வந்தது. கௌசல்யா படித்துப் பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிட்டாள். நர்சிங் காலேஜில் சேருவதற்காக நகையை வைத்து வாங்கி, பத்திரமாக இருக்கட்டும் என்று கணக்கில் போட்டு வைத்திருந்த பணம். அது மொத்தமும் எங்கோ வடக்கே ஒரு ஊரில் மெஷினில் எடுக்கப்பட்டிருந்தது. கார்டு என்னவோ சரசுவின் வீட்டில்தான் இருந்தது, முந்தின நாள் சாயங்காலம் நான் திருப்பிக் கொடுத்த கார்டு. உடனே போன் செய்து கார்டை நிறுத்தினாள். திங்கட்கிழமை காலையில் பேங்க் திறப்பதற்கு முன்பே நானும் அவளும் வாசலில் நின்றோம். அன்றைக்கு எனக்குச் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று கூடவே போனேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், புகார் கொடுக்க உன் சட்டம் கேட்கிற நாள் கணக்குக்குள்தான் நாங்கள் போனோம்.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் இளம் வயதுக்காரர். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார். "பின் நம்பர் வேற யாருக்காவது தெரியுமாம்மா?" என்று கேட்டார். சரசு என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "யாருக்குந் தெரியாதுங்க" என்றாள். எனக்காகத்தான் பொய் சொன்னாள். என் பெயர் வந்துவிடக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இவர்கள் முதலில் என்னை விசாரித்து, நான் இல்லை என்று தெரிந்துகொண்டு, யார் எடுத்தது என்று நேரே தேடப் போவார்கள் என்று நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை நான் இந்த ஊரில்தான் இருந்தேன், காலையில் கோயிலில் பூசை பார்த்தேன், பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். பிறகு என்ன பயம்? "எனக்குத் தெரியும் சார். நாந்தான் வாராவாரம் எடுத்துக் குடுக்கேன்" என்று சொன்னேன்.

அந்த மனிதர் முகத்தில் ஏதோ பாரம் இறங்கினாற்போல் இருந்தது. அதுவரை கொஞ்சம் கடுமையாக இருந்த குரல் மென்மையாகிவிட்டது. "பரவாயில்லம்மா, உள்ளதச் சொன்னீங்களே" என்று சொல்லி ஒரு தாளில் அதை எழுதி, சரசுவிடமும் என்னிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன் என்று பேசிக்கொண்டே பஸ் ஏறினோம். எங்கள் பைல் அந்த நிமிஷத்திலேயே மூடிவிட்டது. அது தெரியாமல் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தோம்.

சில வாரம் கழித்து பேங்கிலிருந்து பதில் வந்தது. வாடிக்கையாளர் தன் ரகசிய எண்ணை வேறொருவரிடம் சொன்னதாகத் தாமே ஒப்புக்கொண்டிருப்பதால் இது அவருடைய கவனக்குறைவு, பேங்க் பொறுப்பேற்காது என்று எழுதியிருந்தது. எந்த மெஷினில் பணம் எடுக்கப்பட்டது, எடுத்தவன் முகம் கேமராவில் இருக்கிறதா, கார்டு இங்கே இருக்கும்போது அங்கே எப்படிப் பணம் வந்தது, ஒன்றுமே இல்லை. நான் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும்தான் அதில் இருந்தது.

அதற்குப் பிறகு லைனில் யாரும் என்னிடம் கார்டு தரவில்லை. யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். சனிக்கிழமை டீ பிரேக்கில் எல்லோரும் அவரவர் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு டீ குடித்தார்கள். சரசுவின் புருஷன் நம் காம்பவுண்டு வாசலில் வந்து நின்று, "பொழைக்க வந்தவிங்கள நம்பி ஊட்டுச் சாவியக் குடுத்தா இப்பிடித்தான்" என்று தெருவே கேட்கக் கத்தினார். போலீஸ் ஸ்டேஷனில் கூப்பிட்டு ஒரு பகல் முழுக்க பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். ஒரு நாள் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஏ, கோவிச்சுக்கிடாத. நீ எடுக்கலல்லா?" என்று கேட்டார். அப்பாவை நான் குறை சொல்லவில்லை. ஊரே ஒரு கேள்வியைக் கேட்டால் வீட்டுக்குள்ளும் அது வந்துவிடும். ஆனால் அன்று என் உள்ளே ஏதோ ஒன்று உடைந்தது உண்மை. அதை ஒட்டவைக்க எங்களுக்கு ரொம்ப நாள் ஆனது.

சரசு மட்டும் பக்கத்து மேசையிலேயே இருந்தாள். ஒரு நாள் பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "அக்கா, நீங்க எடுக்கலீன்னு எனக்குத் தெரியுமுங்க. ஆனா அன்னிக்கு நீங்க கம்முனு இருந்திருக்கலாமுங்க. என்ற புள்ளயோட படிப்புங்க்கா" என்றாள். காலேஜில் பணம் கட்டக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்பெனியில் கடன் கேட்டோம், கிடைக்கவில்லை, நான் என் கம்மலைக் கழற்றிக் கொடுத்தேன், அவள் வாங்க மறுத்துவிட்டாள். வாங்கியிருந்தாலும் காலேஜ் கேட்டதில் அது எந்த மூலைக்கு?

விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர் முருகேசன் என்று ஒருவர் இருந்தார். தன் சம்பளம் எவ்வளவு என்று பெண்டாட்டிக்கே சொல்லாத மனிதர், பின் நம்பரையா சொல்லியிருப்பார்? அவருக்கும் அதே வாரம் பணம் போயிருக்கிறது. நான் எடுத்த அதே மெஷினில் சனிக்கிழமை எடுத்திருக்கிறார், வடக்கே அதே ஊரில் போயிருக்கிறது. வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று வாயைத் திறக்காமல் பேங்குக்குப் போயிருக்கிறார். யாருக்காவது தெரியுமா என்று அவரிடமும் கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது என்றிருக்கிறார். அவருக்குப் பணம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. வந்த பிறகுதான் கேண்டீனில் பெருமையாகச் சொன்னார். சரசுவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே மெஷின், ஒரே திருடன். யாருக்கும் தெரியாது என்றவருக்குப் பணம் வந்தது. உண்மையைச் சொன்னவளுக்கு வரவில்லை.

தொழிற்சங்க ஆபீஸில் புகார் எழுதித் தருகிற ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நீங்க பின் நம்பர் சொன்னது தப்புதான், அதை நான் சரின்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்தத் தப்பாலதான் பணம் போச்சுன்னு பேங்க்தான் நிரூபிக்கணும். அது உங்க வேலை இல்லை." அவர் விளக்கியது இதுதான்: யாரோ அந்த மெஷினில் கார்டைச் செருகுகிற இடத்தில் ஏதோ பொருத்தி, கார்டுகளை நகல் எடுத்திருக்கிறார்கள். விரல் எங்கே அழுத்துகிறது என்று பார்க்க மேலே ஒரு சின்னக் கேமராவும் வைத்திருக்கிறார்கள். லைனில் மற்றவர்கள் கணக்கில் நான் எடுத்தது போக மிச்சம் இல்லாததால் அவர்கள் தப்பித்தார்கள். அன்று என் கைக்குப் பதில் சரசுவின் கையே அழுத்தியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மெஷினைப் பாதுகாக்க வேண்டியது பேங்க். வக்கீலம்மா முதலில் பேங்குக்கே மறுபடி எழுதினார். அசையவில்லை. பிறகு பேங்குகள் மேல் வரும் புகாரைக் கேட்கிற குறைதீர்ப்பாளருக்கு எழுதினார். அங்கே அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான். பணம் எப்படிப் போனது என்று கேட்டார்கள். பேங்கிடம் பதில் இல்லை. சரசுவின் கணக்குக்குப் பணம் முழுசாகத் திரும்பியது.

இங்கே நீ நிம்மதியாகப் பெருமூச்சு விடுவாய். கடைசியில் சட்டம் வேலை செய்ததே என்று சொல்வாய். செய்தது, இல்லை என்று சொல்லவில்லை. பணம் வந்தபோது காலேஜ் திறந்து பாதி வருஷம் போயிருந்தது. அதற்குள் கௌசல்யா எங்கள் கம்பெனிக்கே வந்துவிட்டாள். என் மேசைக்கு எதிர் மேசை. பிசிறு வெட்ட நான்தான் சொல்லிக் கொடுத்தேன், கத்திரியை எப்படிப் பிடித்தால் துணியில் ஓட்டை விழாது என்று. அடுத்த வருஷம் சேர்த்துவிடலாம் என்று சரசு சொன்னாள். அடுத்த வருஷம் வந்தபோது அந்தப் பெண்ணின் சம்பளத்தை நம்பித்தான் வீடு ஓடியது, திரும்பி வந்த பணம் நகையை மீட்கப் போய்விட்டது. பிறகு கல்யாணம். இப்போது வேறு கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிறாள். பஸ்ஸில் பார்த்தால், "பெரியம்மா, நல்லாருக்கீங்களா?" என்று எழுந்து இடம் கொடுக்கிறாள். அவள் என்னை ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. அந்த இடத்தில் உட்கார எனக்குக் கூச்சமாக இருக்கும், தம்பி. உட்காராவிட்டால் அவள் வருத்தப்படுவாள் என்று உட்காருவேன்.

நான் படித்தது பத்தாவது. உன் சட்டத்தில் எந்தப் பிரிவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, நீதான் படித்தவன். பேங்க் பணம் தண்ணீர் இல்லை, கேட்டவருக்கெல்லாம் ஊற்றிக் கொடு என்று சொல்லவும் நான் வரவில்லை. பொய்ப் புகாரோடு வருகிறவர்களும் இருப்பார்கள், உனக்கு அவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கும். நான் சொல்வது ஒன்றுதான். யாரிடம் சொன்னீர்கள் என்பதை நீ முதல் கேள்வியாகக் கேட்டால், அதற்கு உண்மை சொல்கிறவர் மட்டும்தான் மாட்டுவார். திருடனும் மாட்ட மாட்டான், பொய் சொல்கிறவனும் மாட்ட மாட்டான். கார்டு எங்கே இருந்தது, பணம் எங்கே எடுக்கப்பட்டது, எடுத்தவன் யார் என்று தேடு. தேடி முடித்த பிறகு, பக்கத்து வீட்டுப் பெண்தான் எடுத்தாள் என்று தெரிந்தால் அப்படியே எழுது. தேடாமல் எழுதாதே. முட்டி வலிக்கிற ஒரு அம்மா வேறு யாரை அனுப்பி மருந்துக்குப் பணம் எடுப்பார்? நாளைக்கு எனக்கே அந்த நிலைமை வரும். நீ சென்னையில் இருப்பாய், நான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் நினைத்துப் பார். உன் பைல் மூடிய அன்றைக்கு அவள் திருடி ஆகிவிட்டாள். நீ அப்படி எழுதவில்லை என்பாய். எங்கள் பைலிலும் அந்த வார்த்தை இல்லை. இருந்தும் உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். அவள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள்.

அதனால் போய் அந்த பைலைத் திற. முடிந்ததை மறுபடி எடுத்தால் மேலதிகாரி முகம் சுளிப்பார், வேகமானவன் என்ற பேர் கொஞ்சம் குறையும். குறையட்டும். அந்த அம்மாவின் பேர் என்ன என்று முதலில் பார். நீயே போன் செய்து, இன்னும் விசாரிக்கிறோம் என்று சொல். படியிறங்க முடியாதவரை ஆபீஸுக்கு வரச் சொல்லாதே, நீ அவர் வீட்டுக்குப் போ. பக்கத்து வீட்டுப் பெண்ணும் கேட்கும்படி பேசு.

எங்களிடம் கையெழுத்து வாங்கிய அந்த அதிகாரியைப் பற்றி இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை. உன்னைப்போலவே படித்து, கஷ்டப்பட்டுப் பரீட்சை எழுதி வேலைக்கு வந்த பிள்ளையாகத்தான் இருப்பார். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பார், அவர் அம்மா சோறு போட்டிருப்பார். பகலில் தன் மகன் என்ன செய்துவிட்டு வந்து சாப்பிடுகிறான் என்று அந்தத் தாய்க்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்துவிட்டது, ஐயா.

அம்மா